கூட்டு முனைவர் திட்டத்தில் ஒரு துறையை விட்டுவிடலாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகப்பணியையும் சமூகவியலையும் இணைத்து வழங்கப்படும் கூட்டு முனைவர் பட்டத் திட்டத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இந்தியாவில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலைப் பட்டம்) முடித்து, குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய பின் அங்கே சென்றவர். பெற்றோரிடமிருந்து அரசால் பிரிக்கப்பட்டுப் பாட்டி, தாத்தா, சித்தி போன்ற உறவினர்களிடம் ஒப்படைக்கப்படும் குழந்தைகளைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறார். சமூகப்பணித் துறையின் தகுதிக் கட்டுரையை முடித்துவிட்டார். சமூகவியல் கோட்பாட்டுத் தேர்வில் முதல் முறை தேறவில்லை. இடையில் குழந்தை பிறந்ததால் ஒரு செமஸ்டர் படிப்பை நிறுத்தியிருந்தார். இவ்வாண்டு மதிப்பீட்டுக் கடிதத்தில் ‘முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை’ என்று சமூகவியல் துறை எழுதியிருக்கிறது. அவருடைய நெறியாளர் ஆண்டு முடிவில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். கணவர் சார்பு விசாவில் இருப்பதால் வேலைக்குப் போக முடியாது. குடும்பம் இவருடைய உதவித்தொகையில் நடக்கிறது. சமூகவியலை விட்டுவிட்டுச் சமூகப்பணி முனைவர் பட்டத்தை மட்டும் முடிக்கும்படி பேராசிரியர் ஒருவர் அறிவுறுத்தியிருக்கிறார். அதற்கான படிவத்தில் கையெழுத்திடலாமா, மறுமுறையும் தேறாவிட்டால் பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்பிவிடுவார்களா, மூன்று ஆண்டு உழைப்பு வீணாகுமா, விசா என்னவாகும் என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி தேர்வைப் பற்றியது. மதிப்பீட்டுக் கடிதத்தைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்த வரிசையைத் திருப்பிப் போட விரும்புகிறேன். தேர்வுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று நீங்களே குறிப்பிடுகிறீர்கள். அந்த மதிப்பீட்டுக் கடிதமோ பதிலளிக்கப்படாமல் உங்கள் கோப்பில் கிடக்கிறது. உதவித்தொகை, விசா, திட்டத்தில் நீடிப்பது ஆகிய மூன்றையும் தொடக்கூடியது அதுதான். எனவே அந்தக் கடிதம் சரிசெய்யப்படும் வரை சமூகவியலை விடுவதற்கான படிவத்தில் கையெழுத்திடாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். அதற்கு முன் கூட்டுத் திட்டத்தைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் சில எண்ணங்களைத் திருத்திக்கொள்வது நல்லது.

கூட்டுப் பட்டம் எதைக் கேட்கிறது

‘இரண்டு பிஎச்.டி.க்குப் படிக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் திட்டம் போன்றவற்றில் கிடைப்பது ஒரே முனைவர் பட்டம்; அதில் இரண்டு துறைகளின் பெயரும் இருக்கும். எழுதவேண்டிய ஆய்வேடும் ஒன்றுதான். இவ்வகைத் திட்டங்களில் பெயர்பெற்றது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1957இல் தொடங்கப்பட்டது. அங்கே சமூகப்பணி, சமூகவியலோடும் உளவியல், பொருளியல், அரசியல் அறிவியல், மானிடவியல் ஆகியவற்றோடும் இணைக்கப்படுகிறது. இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே துறையில் வழங்கும் பட்டத்தையும் கூட்டுத் திட்டம் என்றே அழைக்கிறார்கள். அது வேறு வகை, உங்கள் நிலைக்கு அதன் விதிகள் பொருந்தா. இணையத்தில் தேடிப் படித்த விதிகளில் சில அந்த வகையைச் சேர்ந்தவை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

பட்டம் ஒன்றே என்றாலும் அதை அடையும் வழியில் இரண்டு துறைகளும் தனித்தனியே நிறைவு காண வேண்டும். புள்ளியியல், ஆய்வு முறையியல் போன்ற பாடங்களை இரு பக்கமும் ஏற்றுக்கொள்வது வழக்கம். கோட்பாட்டுப் பாடங்களும் தகுதித் தேர்வுகளும் பொதுவாக அப்படிப் பகிரப்படுவதில்லை. சமூகப்பணிப் பக்கம் தலையீட்டு ஆய்வு (உதவி முயற்சிகள் பலன் தருகின்றனவா என்று பார்க்கும் ஆய்வு), சமூகநலக் கொள்கை ஆகியவற்றில் தேர்ச்சியை எதிர்பார்க்கும். சமூகவியல் தன் சொந்த மாணவர்களிடம் கேட்பதையே உங்களிடமும் கேட்கும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான், ஆய்வேடு மட்டுமே மீதமிருக்கும் ‘கேண்டிடேட்’ நிலை கிடைக்கும். பிறகு இரு துறைப் பேராசிரியர்களும் இடம்பெறும் ஆய்வுக்குழு, ஆய்வுத் திட்ட வரைவு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்று வரிசை போகும். ஆகவே ஒரு துறையில் தேங்கினால் மற்றதில் எவ்வளவு முன்னேறியிருந்தாலும் கேண்டிடேட் நிலைக்குப் போக முடியாது. உங்கள் களைப்பின் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அது உங்கள் திறமைக் குறைவைக் காட்டவில்லை. இத்திட்டங்கள் இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன.

எம்.எஸ்.டபிள்யூ. பாடங்களைச் சமூகவியல் துறை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் அநீதி இருப்பதாக என்னால் சொல்ல முடியவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. ஒரு தொழிற்பட்டம். அமெரிக்காவில் அந்தப் பட்டத்துக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கேட்கப்படுகிறது என்பதே அதன் நோக்கத்தைக் காட்டும். சமூகவியலின் முன்னோடிகளான வெபரையும் துர்க்கெய்மையும் அவர்களுக்குப் பின்வந்த விவாதங்களையும் முனைவர் மட்டத்தில் கையாளும் பயிற்சி அதிலிருந்து கிடைப்பதில்லை. அந்தப் பட்டம் உங்களுக்கு உதவப்போவது வேறொரு இடத்தில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மதிப்பீட்டுக் கடிதமும் மகப்பேற்று விடுப்பும்

‘ஐந்து செமஸ்டர்கள் முடிந்தும் கோட்பாட்டுத் தேர்வில் தேறவில்லை’ என்று துறை எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த ஐந்தில் ஒன்று நீங்கள் பிரசவத்துக்காக நிறுத்தியிருந்த செமஸ்டர். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களுக்கு கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டம் பொருந்தும். மருத்துவர் தேவை என்று கருதும் காலம் வரை கருவுற்ற, பிரசவித்த மாணவிக்கு விடுப்பு தரவேண்டும், விடுப்பு முடிந்து திரும்பும்போது அதைத் தொடங்கிய நாளில் அவர் எந்த நிலையில் இருந்தாரோ அதே நிலையில் அவரை மீண்டும் சேர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கீழுள்ள விதி. விடுப்புக் காலத்தைத் தாமதமாக எண்ணி உங்களைக் குறைத்து மதிப்பிடுவது இந்த விதியோடு ஒத்துப்போகாது என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. துறை வேண்டுமென்றே இதைச் செய்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கூட்டுத் திட்ட மாணவர்களின் விடுப்புத் தகவல் ஒரு துறையின் அலுவலகத்தில் பதிவாகி மறு துறைக்குப் போய்ச் சேராமல் விடுபடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. ‘பேராசிரியரிடம் சொல்லிவிட்டு அந்த செமஸ்டர் நிறுத்திக்கொண்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னதா, பட்டப்படிப்பு அலுவலகத்தில் முறையான விடுப்பாகப் பதிவானதா? எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு செமஸ்டர் முழுப் பாடச்சுமை எடுக்காமல் இருப்பதற்குப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் முன்அனுமதி வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக ஒரு பட்ட நிலையில் மொத்தம் 12 மாதங்கள் வரை அந்த அனுமதியைத் தர விதி இடமளிக்கிறது. அனுமதி பெற்றிருந்தால் அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெறவில்லை என்றால், துறையோடு பேசுவதற்கும் முன்னால் குடிவரவுச் சட்டத்தில் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்று கட்டணமில்லாச் சட்ட உதவிப் பிரிவு உண்டு. இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். முதலில் உங்கள் கோப்பைப் பாருங்கள். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரி மட்டத்தில் கல்விப் பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமை மாணவருக்கே உரியது. கோரிக்கை வைத்த 45 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் அவற்றைக் காட்ட வேண்டும். பேராசிரியர் தன் நினைவுக்காக மட்டும் வைத்திருக்கும் குறிப்புகள் இதில் அடங்கா. மதிப்பீட்டுக் கூட்டத்தின் முடிவுகளும் துறைகளுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்தும் கோப்பில் இருந்தால் அவற்றைக் கேட்கலாம். அடுத்து, நீங்கள் சேர்ந்த ஆண்டில் நடைமுறையில் இருந்த கூட்டுத் திட்டக் கையேட்டை எடுங்கள். விதிகள் இடையில் மாறியிருந்தாலும் சேர்ந்த ஆண்டின் விதிகளே ஒரு மாணவருக்குப் பொருந்தும் என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள நடைமுறை. அதன் பிறகு கூட்டுத் திட்டத்தின் இயக்குநருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாத மின்னஞ்சல் எழுதி, விடுப்புக் காலத்தை நீக்கி மதிப்பீட்டைத் திருத்தும்படி கேளுங்கள்; சமூகவியல் துறையின் பட்டப்படிப்புப் பொறுப்பாளருக்கும் நகல் அனுப்புங்கள். கோபமோ மன்னிப்போ வேண்டாம். தேதிகளும் ஆவணங்களும் போதும். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் பல்கலைக்கழகத்தின் டைட்டில் ஒன்பது ஒருங்கிணைப்பாளரை அணுகலாம். அப்படி ஒருவரை நியமிப்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கட்டாயம். புகாராக எடுத்துச் செல்லத் தயக்கமாக இருந்தால், ஓம்பட்ஸ் எனப்படும் நடுநிலைக் குறைகேள் அலுவலகம் இருக்கும் இடங்களில் முதலில் அங்கே பேசிப் பார்க்கலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த உங்கள் ஐ-20 படிவத்தில் திட்டம் முடியும் தேதி ஒன்று இருக்கிறது. கூட்டுத் திட்ட மாணவர்கள் பலருக்கு அந்தத் தேதியை நீட்டிக்க வேண்டிவரும். தேதி கடப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தகுந்த கல்விக் காரணமோ ஆவணப்படுத்தப்பட்ட உடல்நலக் காரணமோ காட்ட வேண்டும். முதன்மைப் பாடத்தை மாற்றியது, ஆய்வுத் தலைப்பு மாறியது, ஆய்வில் எதிர்பாராத சிக்கல் வந்தது ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். முன்னேற்றம் போதாதென்று கல்விக் கண்காணிப்பில் (புரொபேஷன்) வைக்கப்பட்டதால் உண்டான தாமதம் ஏற்கத்தக்க காரணமாகாது. ‘திருப்திகரமாக இல்லை’ என்ற மதிப்பீடு திருத்தப்படாமல் அடுத்த ஆண்டு கண்காணிப்பாக மாறுமானால், நீட்டிப்புக் கேட்கும்போது அந்தத் தாமதத்துக்கு விளக்கம் சொல்வது கடினமாகிவிடும். ஒரு துறையை விடுவதால் விசா தானாகப் போய்விடாது. முழுநேர மாணவியாக நீடித்து, திட்ட மாற்றத்தைப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் வழியாகப் பதிவு செய்தால் போதும். எஃப்-1 விதிகளில் மாற்றங்கள் முன்மொழியப்பட்டு வருவதால், எதைச் செய்தாலும் அன்றைய விதியை அந்த அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை தேர்வு

மறுமுறை தேறாவிட்டால் என்ன என்பதற்குக் கையேடுதான் பதில் சொல்ல வேண்டும். அதில் நீங்கள் தேட வேண்டிய வரி ஒன்று: சமூகவியல் தகுதித் தேர்வில் இரு முறை தவறினால் நீங்கள் விலக்கப்படுவது சமூகவியல் துறையிலிருந்தா, கூட்டுத் திட்டம் முழுவதிலிருந்துமா? முதலாவது என்றால் சமூகப்பணியில் தொடர முடியும். இரண்டாவது என்றால் தேர்வு எழுதுவதற்கு முன்பே, தேறாவிட்டால் சமூகப்பணி முனைவர் திட்டத்துக்கு மாற்றிக்கொள்ள இயலுமா என்று இயக்குநரிடம் எழுத்தில் உறுதி பெற வேண்டும். இந்த ஒரு தகவல் கையில் இருந்தால் உங்கள் அச்சத்தின் பாதி குறையும். தேர்வின் முதல் முயற்சிக்கான எழுத்துவழி மதிப்புரையையும் கேளுங்கள். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது எழுதிய தேர்வு அது. அந்த ஒரு நாளை வைத்து உங்களால் கோட்பாடு படிக்க இயலாது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அப்படி முடிவெடுக்க அது போதுமான ஆதாரம் இல்லை.

நெறியாளர் போவது

ஆய்வேட்டுக் கட்டத்துக்கு முன்பே அவர் போவதால் இழப்பு குறைவு. பட்டப்படிப்புப் பள்ளியின் (கிராஜுவேட் ஸ்கூல்) அனுமதியோடு அவர் இணை நெறியாளராகவோ குழு உறுப்பினராகவோ தொடர பல இடங்களில் வழியுண்டு. முதன்மைப் பொறுப்பை ஏற்க உள்ளே ஒருவர் வேண்டும். அவரோடு புதிய பல்கலைக்கழகத்துக்குச் செல்வது புதிய சேர்க்கைக்குச் சமம். அங்கே கூட்டுத் திட்டம் இல்லாமலும் போகலாம், பாடங்களை மீண்டும் எடுக்கவும் நேரலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் உதவித்தொகை திட்டத்தின் உறுதிமொழியிலிருந்து வருகிறதா, அவருடைய ஆய்வு நிதியிலிருந்து வருகிறதா என்பதை மட்டும் சேர்க்கைக் கடிதத்தில் இன்றே பாருங்கள். அவருடைய நிதி என்றால் அது அவரோடு போய்விடலாம். குடும்பம் அதை நம்பியிருப்பதால் அடுத்த ஆண்டுக்கான ஆசிரியர் உதவிப் பணிக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

சமூகவியல் உங்கள் ஆய்வுக்குத் தேவையா

இனி நீங்கள் உண்மையாகவே தீர்மானிக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். உறவினர் பராமரிப்பில் குழந்தைகளை எப்படிப் பாதுகாப்பாக வைத்திருப்பது, பாட்டிக்கு எந்த உதவி கிடைத்தால் குழந்தை மீண்டும் இடம்பெயராமல் இருக்கும் என்பவை உங்கள் கேள்விகளானால், சமூகப்பணி முனைவர் பட்டமே அதற்குப் போதுமான பயிற்சி தரும். ஆனால் கடிதத்தின் இறுதியில் நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி வேறு: ‘அரசு பணம் தரத் தொடங்கியதும் பாட்டி என்ற உறவு என்னவாக மாறுகிறது?’ 1979இல் மில்லர் எதிர் யூவாக்கிம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உரிமம் பெறத் தகுதியுள்ள உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கும் மற்ற வளர்ப்பு வீடுகளுக்கு உரிய கூட்டாட்சி உதவியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு உறவினர் பராமரிப்பு ஒரு குடும்பக் கடமையாக மட்டும் இருக்கவில்லை. உரிமம், ஆய்வாளர் வருகை, மாதத் தொகை என்று அரசு அந்த வீட்டுக்குள் நுழைந்தது. அந்த மாற்றத்தைக் கடமை, வர்க்கம், இனம், அரசு அதிகாரம் ஆகிய கருத்துகளைக் கொண்டு படிப்பது சமூகவியலின் வேலை. உங்கள் மனம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அப்படியானால் நீங்கள் தேறத் தவறிய கோட்பாட்டுத் தேர்வு உங்கள் ஆய்வேட்டின் அடித்தளம். சமூகவியலை விட்ட பிறகும் அதே புத்தகங்களை யாருடைய வழிகாட்டுதலும் இல்லாமல் தனியே படிக்க வேண்டியிருக்கும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை உங்கள் அச்சம் மிகையானது. சமூகப்பணிப் பள்ளிகளில் ஆசிரியராக வேண்டுமானால் கூட்டுப் பட்டம் கட்டாயமில்லை. எம்.எஸ்.டபிள்யூ. உதவும் என்று சொன்னது இங்கேதான்: அமெரிக்காவில் சமூகப்பணிப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான சி.எஸ்.டபிள்யூ.ஈ.யின் அங்கீகாரம் பெற்ற திட்டங்களில் தொழில்முறைப் பயிற்சிப் பாடங்களை நடத்துவோருக்கு அங்கீகரிக்கப்பட்ட முதுகலைப் பட்டமும் அதற்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும். வெளிநாட்டு எம்.எஸ்.டபிள்யூ.வை அந்த அமைப்பின் மதிப்பீட்டுச் சேவை வழியாக இணையானது என்று ஏற்கச் செய்யலாம். உங்களுக்கு நான்கு ஆண்டு அனுபவம் ஏற்கனவே இருக்கிறது. அந்த மதிப்பீட்டை வேலை தேடும் ஆண்டுவரை ஒத்திவைக்காமல் இப்போதே செய்துகொள்ளுங்கள். பழைய நிறுவனத்திலிருந்து பணிச் சான்றிதழும் வாங்கி வையுங்கள். சமூகவியல் துறைகளில் பணிபுரிய விருப்பம் இருந்தால்தான் கூட்டுப் பட்டத்தின் இரண்டாம் பாதி இன்றியமையாததாகிறது. முனைவர் பட்டம் பெற்றால் அமெரிக்காவில் சமூகப்பணி உரிமமும் சேர்ந்து கிடைக்கும் என்று எண்ணியிருக்கிறீர்கள், கிடைக்காது. உரிமம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. அதற்கு முதுகலைப் பட்டமும் தனித் தேர்வும்தான் அடிப்படை.

மூன்று ஆண்டுகள் வீணாகுமா என்ற கேள்விக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். சமூகவியலை விட்டாலும் பொதுப் பாடங்களும் முறையியல் பயிற்சியும் சமூகப்பணிப் பக்கம் நிற்கும். அதோடு, இடைவழியில் சமூகவியல் முதுகலைப் பட்டம் வழங்கும் ஏற்பாடு உங்கள் துறையில் இருந்தால், அதற்கு இன்னும் எத்தனை கிரெடிட், என்ன கட்டுரை பாக்கி என்று கேட்டு, விலகுவதற்கு முன்பே அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். விலகிய பிறகு அந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி போய்விடக்கூடும்.

கூட்டுத் திட்டத்திலிருந்து ஒரே துறைக்கு இறங்குவது பொதுவாக எந்த நேரத்திலும் இயலும். இறங்கிய பின் திரும்ப ஏறுவதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. பேராசிரியர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சமூகப்பணித் துறையைச் சேர்ந்தவர், உங்களைத் தன் துறையில் பாதுகாப்பாகக் கரைசேர்க்கப் பார்க்கிறார். சமூகவியல் பக்கத்திலிருந்தும் ஒருவரிடம், முடிந்தால் உங்கள் தேர்வுத்தாளைத் திருத்திய ஒருவரிடம், நேரில் பேசிவிட்டு வாருங்கள்.

ஆகவே இந்த மாதம் விசா அனுமதியையும் கோப்பையும் சரிபார்த்து, மதிப்பீட்டைத் திருத்தக் கோரும் கடிதத்தை அனுப்புங்கள். அதற்குப் பதில் வந்ததும் தேர்வுத் தேதியை நிர்ணயித்துக்கொண்டு ஒரு செமஸ்டரை அதற்கு ஒதுக்குங்கள். அந்த செமஸ்டரில் புதிய பாடங்களைக் குறைப்பதாக இருந்தால் முழுநேர நிலை குலையாத அளவுக்கு மட்டும் குறையுங்கள். தேர்வுக்குப் பிறகும் பாட்டி என்ற உறவைப் பற்றிய அந்தக் கேள்வி உங்களை இழுக்கவில்லை என்று தெரிந்தால், சமூகவியல் முதுகலைப் பட்டத்தை வாங்கிக்கொண்டு சமூகப்பணிக்கு மாறிவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. துறையிடமிருந்து எழுத்தில் பதில் வந்ததும் எனக்கு அனுப்பினால், மேல்முறையீடு தேவையா என்பதை அந்த வாசகங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.